கூவுபாறை

மே 3

விடுமுறை முழுவதும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார் ரோஸ்லின் டீச்சர். "கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். பார்க்காததைக் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம்" என்றார். என் பெயர் ஜெனோவா. ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மேலே, கடல் கீழே. நடுவில் செங்குத்தான சரிவு. அதில் ஒரே ஒரு பாதை. மேலிருந்து பார்த்தால் கரை கன்னங்கரேலென்று, யாரோ மைப்புட்டியைத் தட்டிவிட்டு ஓடிப்போனதுபோல இருக்கும். அதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் கார் பிடித்து வருகிறார்கள். நான் நூலகத்தில் எடுத்திருக்கும் எரிமலைகள் புத்தகத்தில் வேறு தேசத்துக் கறுப்புக் கரைகளின் படங்கள் உள்ளன. அவை எரிமலையால் உண்டானவை. எங்கள் மணல் அப்படி அல்ல. மலைப்பாறை உடைந்து, ஆற்றில் அரைபட்டு வந்தது. காந்தம் வைத்தால் ஒட்டும். வெள்ளை மணலைவிடக் கனம். ஒரு கடவம், அதாவது ஓலைப்பெட்டி, நிறையத் தூக்கினால் கழுத்து தோளுக்குள் போய்விடும்.

பாதி இறக்கத்தில் கூவுபாறை இருக்கிறது. வழவழப்பான, சாய்ந்த பாறை. அதில் நிதானமாக இறங்க முடியாது; ஓடித்தான் இறங்க வேண்டும். ஓடி முடிக்கிற இடத்தில் ஓர் இரும்பு வளையம் அடித்திருக்கிறார்கள். அதை வலது கையால் பிடித்துத் திரும்பினால் பாதை. பிடிக்காவிட்டால் கடல் பாறைகள். பாறை நடுவில் புடைத்திருப்பதால் மேலே நிற்பவருக்கு வளையம் தெரியாது. அதனால் இறங்குகிறவர் பாறையின் உச்சியில் நின்று "கூவேய்!" என்று கூவ வேண்டும். கீழே சுமையோடு யாராவது வந்துகொண்டிருந்தால் "ஏறுது!" என்று பதில் கொடுப்பார். பதில் வந்தால் நிற்க வேண்டும். வராவிட்டால் ஓடலாம்.

இது எங்கள் ஊர்ச் சட்டம். கூவாமல் இறங்கி விழுந்தால் குற்றம் விழுந்தவருடையது. அவருக்காக ஒருவரும் கூவுபாறையில் மெழுகுதிரி ஏற்ற மாட்டார்கள். கூவலைக் கேட்டும் பதில் கொடுக்காதவனுக்குத் துறை கிடையாது. அவன் சாகும்வரை இந்தக் கரையில் தோணி இறக்க முடியாது.

இன்று கேமராவோடு வந்த ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டு மெதுவாகக் கூவினார். அவரை அழைத்து வந்த பெர்க்மான்ஸ் மாமா சொன்னார்: "பெஞ்சாதியக் கூப்பிடுத மாதிரி பயந்து பயந்து கூவாதீங்க சார். அடுத்த வீட்டுக் கோழிய வெரட்டுத மாதிரி கூவணும்."

மாமா அம்மாவின் தம்பி. கீழே ஓலைக் கொட்டகை போட்டு, கறுப்பு மணலில் கடலை வறுத்து விற்கிறார். அவர் கூவினால் கடைசியில் சேவல் மாதிரி ஒரு சுழிப்பு வரும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், மாமா என்று.

மே 5

கூவுபாறையின் ஓரத்தில், வளையத்துக்குக் கொஞ்சம் மேலே, ஓர் ஆள் ஒடுங்குகிற பொத்து இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்துதான் நான் படிப்பேன். நிழலாக இருக்கும். வெளியே யார் போனாலும் நான் இருப்பது தெரியாது.

இன்று மணல் எடுக்க வந்த மாமா மட்டும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏ பிள்ளே, பொத்துக்குள்ள நண்டுதான் இருக்கும். நீ எப்ப நண்டான?" என்றார். அவருடைய கடவத்தின் அடியில் ஓலை கிழிந்திருந்தது. அதன்மேல் சாக்கு விரித்திருந்தார். "கிழிஞ்ச கடவத்துல மண்ணு சொமந்தா இந்தப் பாறையில சிந்தும். சிந்துன மண்ணுல கால் வச்சா கடுகுமேல நடந்த கணக்குதான், கேட்டியா" என்றார்.

மாமாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை. பாதையில் சிமெண்டுப் படியும் கைப்பிடியும் கட்ட வேண்டும் என்று மாமா ஊர்க் கமிட்டியில் கேட்டிருக்கிறார். அப்பா கூடாது என்கிறார். அப்பாவின் பெயர் கஸ்பார். கரையில் அப்பா சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். மாமா பேசுவார்.

சாயங்காலம் வலையில் ஒரு பெரிய திருக்கை வந்தது. அப்பா துடுப்பால் அதன் தலையை அடித்தார். அது செத்த பிறகும் அடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "பாடத்துல இதெல்லாம் உண்டா மக்களே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மே 6

அம்மாவுக்கு உதடு வீங்கியிருக்கிறது. சமையலறைக் கதவு இடித்துவிட்டதாம். எங்கள் சமையலறைக்கு ஒரு கதவு வைக்க வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மே 9

இன்று பார்த்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் வெளியூர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அவர்கள் கொட்டகையைச் சுற்றி நின்றதால் வலை இழுக்க இடமில்லை. அப்பா வந்து எல்லாரையும் நகரச் சொன்னார். நகர்ந்தார்கள். மாமா வறுத்துக்கொண்டே இருந்தார்.

"லேய், இது கரையா சந்தையா?" என்றார் அப்பா.

"ரெண்டுந்தான் அத்தான். படி மட்டும் வந்துச்சுன்னா சர்க்கஸும் வரும். நீங்கதான் சிங்கம்" என்றார் மாமா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். நிற்கவில்லை.

அப்பா மாமாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து, கையை வாணலி மணலுக்குள் அமுக்கினார். கறுப்பு மணல் சூட்டைச் சீக்கிரம் விடாது. அதனால்தான் கடலைக்கு நல்லது. மாமா கத்திய சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. வேனில் வந்த ஒரு சின்னக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அப்பா விட்டபோது மாமாவின் கையில் மணல் ஒட்டியிருந்தது. உதறினார். மணலோடு தோலும் வந்தது. பிறகு அப்பா கொட்டகையின் கால்களை உதைத்துச் சாய்த்தார்.

யாரும் கிட்டே வரவில்லை. நானும் போகவில்லை.

அப்பா எங்களுக்காகத்தான் கோபப்படுகிறார். கரை போய்விட்டால் நாங்கள் எங்கே போவோம்?

மே 11

மாமாவின் கையில் பெரிய கட்டு. அம்மா கஞ்சி ஊட்டப் போனாள், நானும் போனேன். "அழாத அக்கா. கடல வறுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் கடல வறுத்துக் காட்டுனா இப்பிடித்தான் ஆகும்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. "கமிட்டிக்குப் போவாண்டாம் தம்பி. அவரு கொன்னுருவாரு" என்றாள்.

"கமிட்டி படி கட்டச் சொல்லியாச்சு அக்கா. கோவில் கொடியேத்துக்கு மறுநாள் அளக்க வாறாங்க."

அம்மா என்னைப் பார்த்து, "வீட்டுல சொல்லிராத" என்றாள். நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு வேறு யாரோ சொல்லிவிட்டார்கள்.

மே 14

இன்று கோவில் திருவிழாக் கொடியேற்று. ஊர் முழுக்க அங்கேதான். ஒலிபெருக்கியும் கொட்டும் வெடியுமாகக் காது அடைத்துவிட்டது.

பெர்க்மான்ஸ் மாமா கூவுபாறையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். கொட்டகைச் சாமான்களை எடுக்கப் போனாராம்.

நான் வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன்.

மே 15

அடக்கம் முடிந்தது. மாமாவின் முகத்தைத் துணியால் மூடியே வைத்திருந்தார்கள். அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். பிறகு அவளே மூடினாள். போலீஸ்காரர் வந்து, கால் தவறி விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார்.

அப்பா எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்கிறார்: "நான் நனஞ்ச வலையத் தோள்ல போட்டுகிட்டு ஏறிட்டிருந்தேன். கூவல் ஒண்ணும் கேக்கல. திடீர்னு வந்து விழுந்தான். கூவாம எறங்கியிருக்கான். புண்ணுபட்ட கையால வளையத்தப் பிடிக்க முடியுமா?"

அம்மா கல்லறைத் தோட்டத்திலேயே எழுந்து நின்றாள். "என் தம்பி கூவாம எறங்க மாட்டான்" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கமிட்டித் தலைவர் தொபியாஸ் கீழே பார்த்துக்கொண்டே அம்மாவிடம், "கேட்டவங்க யாராவது உண்டா பிரகாசி?" என்று கேட்டார்.

யாரும் இல்லை. கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்?

கேட்டவர் ஒருவர் வந்து சொன்னால் மாமாவுக்கு மெழுகுதிரி உண்டு, அப்பாவுக்குத் துறை இல்லை. சொல்லாவிட்டால் அப்பாவுக்குத் துறை உண்டு, மாமா கூவத் தெரியாத மடையன்.

மே 16

வெளியே துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து எரிமலைகள் புத்தகத்தை என் மடியில் வைத்தார். மணல் எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"பொஸ்தகத்த எங்கயும் போட்டுற்று வரக் கூடாது மக்களே. நூலகத்துக்காரங்க ஏசுவாங்க" என்றார். என் தலையைத் தடவினார். அவர் கை கனமாக இருந்தது. தடவி முடித்த பிறகும் எடுக்கவில்லை.

மே 18

அம்மா மெழுகுதிரியோடு கூவுபாறைக்குப் போனாள். அப்பா பின்னாலேயே போய், தலைமுடியைப் பிடித்துப் பாதை முழுக்க இழுத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் முழங்கால்கள் உரிந்துவிட்டன. வாசலில் போட்டு வயிற்றில் மிதித்தார். பக்கத்து வீட்டில் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள்.

நான் மஞ்சள் அரைத்துப் போட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அங்ஙனதான படிப்ப?" என்று கேட்டாள். "அண்ணைக்கும் போனியா?"

"போகல" என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

மே 19

கமிட்டி கூப்பிட்டது. நான் பொத்தில் படிப்பேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கோவில் முற்றத்தில் அப்பா எனக்குப் பின்னால் நின்றார். அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் பட்டது.

"பயப்படாதம்மா. பெர்க்மான்ஸ் கூவுனானா?" என்று தொபியாஸ் கேட்டார்.

"நான் கேக்கல" என்றேன்.

அம்மா அழவில்லை. முழங்கால் வலியோடு மெதுவாக எழுந்து, என்னைத் தாண்டி, வீட்டுக்குப் போனாள். அப்பா வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். நான் முழுவதையும் தின்றேன்.

மே 21

டீச்சர், இந்த நோட்டை உங்களிடம் காட்ட முடியாது. உங்களுக்கு வேறு ஒன்று எழுதித் தருவேன். ஆனால் நீங்கள் பார்த்ததை எழுதச் சொன்னீர்கள்.

நான் பொத்துக்குள் இருந்தேன். எரிமலைக்குள் அழுத்தம் எப்படிச் சேர்கிறது என்ற பாடம். அப்பா கீழிருந்து வலையோடு வந்து, வளையத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றார். நான் அவரைக் கூப்பிடப் போனேன். அதற்குள் மேலே கூவல் கேட்டது. கடைசியில் சேவல் சுழிப்பு. ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாக இருந்தது. மாமா இன்னொரு முறையும் கூவினார். அவர் கவனமானவர்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. வலது கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.

மாமா ஓடி வந்தார். புடைப்பைத் தாண்டியதும் அப்பாவைப் பார்த்தார். "அத்தான்" என்றார். கட்டுப் போட்ட கையை நீட்டினார். வளையத்தில் அப்பாவின் கை இருந்தது. எடுக்கவில்லை. தள்ளவும் இல்லை. வெறுமனே எடுக்கவில்லை.

கீழே சத்தம் இரண்டு தடவை கேட்டது. முதல் பாறையில் ஒன்று, அடுத்த பாறையில் ஒன்று. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, தோளில் வலையைச் சரிசெய்துகொண்டு மேலே போனார். நான் எப்போது எழுந்து ஓடினேன், புத்தகத்தை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

மே 25

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா என்னோடு பேசாமலே இருந்தாள். நேற்றுக் காலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவன் குழி வெறும் செம்மண்ணாக் கெடக்கு. கொஞ்சம் கறுப்பு மண்ணு போட்டா நல்லாருக்கும்" என்றாள். அவளால் இறங்க முடியாது. நான் கடவத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

நிறைய அள்ளினேன். கரையில் தொபியாசும் மற்றவர்களும் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லை. கடல் எண்ணெய்போலக் கிடந்தது. வளையத்தருகே வந்தபோது மேலே கூவல் கேட்டது. அப்பாவின் கூவல் கோடாலி வெட்டுமாதிரி, நீளம் இருக்காது.

நான் பதில் கொடுத்தேன். இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். நான் பதில் கொடுத்தேன். "ஏறுது!" என்றேன்.

"யாரு, ஜெனோவாவா? தலையில என்னது?"

"மண்ணுப்பா. மாமா குழிக்கு."



"அந்த நாய்க்கு என் தொறையில மண்ணா? யாரு சொல்லிக் குடுத்தா? ஒங்கம்மையா? இரு, ஒன்னையும் போட்டுற்று வந்து அவளையும் போடுகேன்."

அப்பா அம்மாவைப் போடுவார் என்பது எனக்குத் தெரியும். எப்படிப் போடுவார் என்பதும் தெரியும். என் வாய் தானாகத் திறந்தது. கோழியை விரட்டுவதுபோலக் கூவினேன்.

"மாமா கூவுனாரு! ரெண்டு வாட்டி கூவுனாரு! நான் பொத்துக்குள்ள இருந்தேன்! நீங்க வளையத்துலருந்து கைய எடுக்கல! நான் பாத்தேன்!"

கீழே வலை இழுக்கிற பாட்டு நின்றது. என் குரல் சரிவில் மோதி எனக்கே திரும்பி வந்தது.

பிறகு கால் சத்தம் கேட்டது. பதில் கொடுத்த பிறகு யாரும் ஓட மாட்டார்கள். எதிரியாக இருந்தாலும் நிற்பார்கள். அப்பா ஓடி வந்தார். கீழே நான் நிற்கிறேன் என்று தெரிந்தே ஓடி வந்தார்.

நான் பொத்துக்கு ஏறினேன். கடவம் நழுவியது. எனக்கு மேலே, பாறையின் நடுவில் விழுந்தது.

அப்பா புடைப்பைத் தாண்டியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். திருக்கையை அடித்தபோது இருந்த அதே முகம். அவருடைய இரண்டு கைகளும் எனக்காக நீட்டியிருந்தன, வளையத்துக்காக இல்லை. கால் மணலில் பட்டது. அவர் விழவில்லை, போனார். பொத்தைத் தாண்டிப் போகும்போது விரல் என் பாவாடையில் மாட்டியது. பாவாடை கிழிந்தது. பிறகு வளையம் இருக்கிற இடத்தில் அவர் இல்லை.

தாழம்புதரில் சிக்கி, பிறகு பாறையில் விழுந்ததால் உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தது. வலை இழுத்தவர்கள் ஓடி வந்து, வலையிலேயே போட்டுத் தூக்கிப் போனார்கள்.

மே 26

கமிட்டி கூடியது. கூவலையும் பதிலையும் நான் கத்தியதையும் கரையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கஸ்பாருக்கு இனித் துறை இல்லை என்று தொபியாஸ் சொன்னார். சாயங்காலம் கூவுபாறையில் பெர்க்மான்ஸ் மாமாவுக்காக மெழுகுதிரி ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் அன்று வானொலியைச் சத்தமாக வைத்தவர்களும் இருந்தார்கள்.

பாறையில் மணலைக் கூட்டித் தள்ளிவிட்டார்கள். ஒருவர் கடவத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

மே 27

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தொபியாசோடு வந்தாள். அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. இனி நடக்க மாட்டாராம். "அவ வேணும்னே மண்ணக் கொட்டுனா. பெத்த அப்பனக் கொல்லப் பாத்தா" என்று டாக்டர், நர்சு எல்லாரிடமும் சொல்கிறாராம்.

"கடவம் கிழிஞ்சு சிந்துனதா, கொட்டுனதான்னு ஒரு பேச்சு வருது" என்றார் தொபியாஸ். என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குக் காலையில நாங்க நாலுபேரு வந்து கடவத்தப் பாத்துற்றுப் போறோம் பிரகாசி. போலீசுக்குப் போற பேச்சு வராம இருக்கணும்லா."

அவர் போன பிறகு அம்மா கடவத்தை எடுத்தாள். வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, அடியைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புது ஓலை. இந்த வருஷம் முடைந்தது. எந்த இடத்திலும் வெளிச்சம் வரவில்லை.

கடவத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாமா செத்த பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கொட்டினாயா என்று கேட்கவில்லை.

பிறகு மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். கடவத்தைக் கவிழ்த்து இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மீன் வயிற்றைக் கீறுவதுபோல அடியைக் கீறினாள். ஓலைக்குள் விரலை விட்டு, பழைய கிழிசல்போலப் பிய்த்துப் பிய்த்துவிட்டாள். ஓரத்தில் கொஞ்சம் மணலும் செம்மண்ணும் தேய்த்தாள். அவள் விரலில் ரத்தம் வந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். கண்ணில் பொறி பறந்தது.

"எத்தன வாட்டி சொன்னேன், கிழிஞ்ச கடவத்த எடுத்துற்றுப் போகாத, எடுத்துற்றுப் போகாதன்னு!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, அதற்கும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படிக் கத்தினாள். அங்கே வானொலியை நிறுத்தினார்கள்.

பிறகு என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மிதிபட்ட வயிறு. இன்னும் வலிக்கிறது போல. மூச்சை உள்ளே இழுத்தாள். ஆனாலும் விடவில்லை.

மே 28

கமிட்டி வந்து பார்த்தது. கடவம் கிழிந்திருந்தது. நானும் கண்ணால் பார்த்தேன்.